கயிறு மாறுவதற்கு முன்

கடலூரில் கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அருகில் இருக்கும் புனித டேவிட் கோட்டையின் எச்சங்களைக் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும் ராபர்ட் கிளைவையும் பிரெஞ்சுப் போர்களையும் நினைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கோட்டையை ஆங்கிலேயர்கள் தாங்களாகத் தொடங்கிக் கட்டவில்லை, விலை கொடுத்து வாங்கினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. பிறர் பயன்படுத்திய பழைய கோட்டை அது. இன்றைய வழக்கில் சொன்னால் 'செகண்ட் ஹேண்ட்' கொள்முதல்.

1690-ஆம் ஆண்டின் நிலைமையை நினைத்துப் பார்ப்போம். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்தார். மொகலாயப் படை அவரைத் தொடர்ந்து தெற்கே வந்துவிட்டது. போருக்குப் பணம் வேண்டும். விற்பதற்கு அவரிடம் இருந்தவற்றுள் ஒன்று தேவனாம்பட்டினத்துக் கோட்டை. செஞ்சி நாயக்கர், பிஜப்பூர் சுல்தான், மராட்டியர் என்று அந்தக் கடற்கரை அதற்குள் பல ஆட்சிகளைப் பார்த்துவிட்டிருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் அதை வாங்கினார். பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இவர்தான். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் விலையில் அடக்கம். எவ்வளவு நிலம்? ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவில் போய் விழுகிறதோ அவ்வளவு. அப்படியே பல திசைகளிலும் சுட்டார்கள். கடலூர் நகரமும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. அவ்வாறு கிடைத்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படும் இந்த நிகழ்ச்சியை வாங்குபவரின் கண்ணால் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். பழைய பொருளை வாங்கப்போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'ஏன் விற்கிறார்கள்?' என்பது. யேலுக்கு அதன் விடை தெரிந்திருந்தது. அடுத்த கேள்வி, 'பத்திரத்தில் எழுதியிருப்பதன் பொருள் என்ன?' என்பது. பீரங்கிக் குண்டு போகும் தொலைவு என்பது ஓர் அளவே அல்ல. பீரங்கியின் நீளம், மருந்தின் தரம், வாயைத் தூக்கி வைக்கும் கோணம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். பீரங்கியோ வாங்கியவர்களுடையது. மூன்றாவது கேள்வி, 'பொருளின் உடம்பு எப்படி இருக்கிறது?' என்பது. இதற்கு விடை தெரிய மட்டும் பல பத்தாண்டுகள் ஆயின. கம்பெனி அந்தக் கோட்டையைத் திரும்பத் திரும்ப வலுப்படுத்த வேண்டியிருந்தது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்தபோது தேவனாம்பட்டினமே தென்னிந்தியாவில் ஆங்கிலேயர்களின் தலைமையிடமாயிற்று. 1750-இல் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் பொறுப்போடு பெஞ்சமின் ராபின்ஸ் என்ற பொறியாளர் இங்கே வந்து சேர்ந்தார். அவர் சாதாரண ஆள் அல்ல. 1742-இல் வெளியான தம் நூலில், ஊசலைக் கொண்டு குண்டின் வேகத்தை அளக்கும் முறையை விவரித்தவர். குண்டு பாயும் தொலைவைக் காற்றின் தடை எவ்வளவு குறைக்கிறது என்று காட்டியவர். குண்டு விழுந்த தொலைவைக் கொண்டு எல்லை வகுத்த ஊருக்கு, அறுபது ஆண்டுகள் கழித்து, குண்டின் வேகத்தை அறிவியல்படி அளந்தவர் கோட்டையின் பழுதுகளைப் பார்க்க வந்தார் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 1751 ஜூலையில் இங்கேயே இறந்தும் போனார். 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. ஜூன் 2-ஆம் தேதி அது சரணடைந்தது. லாலி அதை இடித்துப் போட்டார்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. கைமாறும் எந்தப் பழைய பொருளுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று காகிதத்தில் இருப்பது. அதை எழுதியவருக்கு ஒரு நோக்கம் உண்டு. மற்றொன்று பொருளின் உடம்பில் இருப்பது. அதை யாரும் எழுத உட்காரவில்லை, தானாகப் பதிந்தது. வரலாற்று ஆய்வாளர் செப்பேட்டையும் அகழாய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல, வாங்குபவர் இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் உடம்பை நம்ப வேண்டும்.

நம் காலத்தில் இந்த இரண்டு வரலாறுகளும் கடுமையாக மோதிக்கொள்ளும் பொருள் எதுவென்று கேட்டால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்பேன். குடும்பத்துக்கான காரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்தே தேய்மானத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கணக்கு பலிப்பதில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் ஓடிய காரும் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடிய காரும் பக்கத்தில் நின்றால், மீட்டர் சொல்வதற்கு நேர் எதிரான உண்மை உள்ளே இருக்கலாம். காட்சிப் பொருளாகக் கொட்டகையில் பத்தாண்டுகள் நின்ற கார் இவ்விரண்டையும்விட மோசமாக இருக்கலாம். எப்படி ஓட்டினார்கள், எப்படிப் பராமரித்தார்கள் என்பதே இங்கே விலையைத் தீர்மானிக்கிறது. வேகத்துக்காகக் கட்டப்பட்ட வண்டி என்பதால், அந்தக் கேள்விக்குத் தவறான விடை கிடைத்தால் பணம் மட்டும் போவதில்லை.

குதிரையும் நரியும்

வேகத்தை விலைக்கு வாங்குவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. மோட்டார் வருவதற்கு முன் அந்த இடத்தில் குதிரை இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அரபுக் கடற்கரையிலிருந்து வாங்குகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் மிகச் சில தவிர மற்றவை இறந்துவிடுகின்றன. குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும் லாடம் கட்டுபவர்களும் இங்கே இல்லாததே காரணம். விற்கும் வணிகர்கள் அப்படிப்பட்டவர்களைத் தாங்களும் அழைத்து வருவதில்லை, பிறரை வரவும் விடுவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே மறுபடியும் விற்க முடியும்? பராமரிப்பு என்பது பொருளிலிருந்து பிரிந்து தனி வியாபாரமாகவும், சில சமயம் தனிச் சூழ்ச்சியாகவும் ஆகிவிடும் என்பதற்கு இது ஒரு பழைய சான்று.

குதிரைக் கொள்முதல் பற்றிய மிகப் புகழ்பெற்ற தமிழ்க் கதையோ தேவனாம்பட்டினத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிதம்பரத்தில் வந்து முடிகிறது. பாண்டியனின் அமைச்சராகக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர், அந்தப் பணத்தைத் திருப்பெருந்துறையில் இறைப்பணிக்குச் செலவிட்டுவிட்டார். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கித் தாமே வணிகராக ஓட்டி வந்தார். அரசன் பார்த்தான், மகிழ்ந்தான், கயிறு மாற்றிக்கொண்டான். அன்றிரவே குதிரைகள் நரிகளாகி, லாயத்தில் இருந்த உண்மைக் குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. மாணிக்கவாசகர் தில்லையில் இறைவனோடு கலந்ததாக அவர் வரலாறு முடிகிறது. பக்திக் கதையாகவே நாம் இதைப் படிக்கிறோம். அதற்குள் ஒரு வணிக வழக்கம் பொதிந்திருக்கிறது. 'கயிறு மாறுதல்' என்பது அந்த வழக்கத்தின் பெயர். விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குக் கயிறு போய்விட்டால், அதன்பின் நல்லது கெட்டது எதற்கும் விற்றவர் பொறுப்பல்லர். ஆகவே பார்ப்பதையெல்லாம் கயிறு மாறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று எண்ணி வயதைச் சொல்லிவிடுவார்கள். விற்பவர் சொல்லும் வயதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நடக்க விட்டுப் பார்ப்பார்கள், கழுத்தில் நுகத்தடி உண்டாக்கிய காய்ப்பைத் தடவிப் பார்ப்பார்கள். காய்ப்பு என்பது அந்த மாட்டின் பணிப்பதிவேடு. காரிலும் இதே முறைதான். பல் எங்கே இருக்கிறது, காய்ப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

சோழவரத்தின் தார்த்தடம்

சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பழைய கார்தான். 1953-இல் தீர்வைக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, உள்நாட்டில் உற்பத்தி செய்யத் திட்டமில்லாத கார் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுமே மக்களுக்கு வாய்த்த கார்கள். அவற்றுக்கும் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் அதற்கு முன்பே வந்தவையாகவோ, தூதரக அதிகாரிகளும் நாடு திரும்பியவர்களும் கொண்டு வந்தவையாகவோ இருந்தன. எண்ணிக்கையில் குறைந்த அந்தக் கார்கள் சமஸ்தானத்து வாரிசுகள், தோட்ட முதலாளிகள், ஆலை அதிபர் வீட்டு இளைஞர்கள் என்று கைமாறிக்கொண்டே இருந்தன.

இவை தம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டிய இடம் ஒன்று சென்னைக்கு வடக்கே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோழவரத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் போருக்குப் பின் பயனின்றிக் கிடந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கிக்கொண்டது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறக்கப்படும் காலம் வரை, தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் மையம் சோழவரம்தான். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களும், ஹெரால்டையும் ஃபியட்டையும் அறுத்து ஒட்டி உள்ளூரிலேயே கட்டிய வண்டிகளும் அங்கே ஓடின. 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் ஃபார்முலா 1 காரும் அங்கே பாய்ந்தது. கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800 என்ஜினை வைத்துப் பந்தயக் கார்களைக் கட்டத் தொடங்கிய பிறகுதான், அடுத்தவர் கழித்த வண்டியை நம்பாமல் ஓர் இளைஞர் பந்தயத்தில் இறங்குவது இங்கே ஓரளவு எளிதாயிற்று. 1995-இல் சிறுவிமான விபத்தில் அவர் இறந்தார். கோவையிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகம் ஏது? மெக்கானிக்கின் நினைவே புத்தகம். அவரிடம் கேட்டால் எந்த ஆண்டு பிஸ்டன் மாற்றியது, எந்த மரத்தில் மோதியது என்பதெல்லாம் தெரிந்துவிடும். உதிரி பாகம் கிடைக்காததால் அசல் என்ஜின் இறங்கி உள்ளூர் என்ஜின் ஏறிய கார்களும் பல. இதில் சென்னைக்கு ஒரு வசதி இருந்தது. 1961 முதல் இங்கே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டின் உடலையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கியே ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். எனவே ஸ்பிட்ஃபயருக்கு அடியில் படுத்துப் பார்க்கும் சென்னை மெக்கானிக்குக் கண்ணில் படுவது அந்நியமாக இருக்காது. அதே காரணத்தால் எது அசல், எது ஹெரால்டிலிருந்து கழற்றி மாட்டியது என்று பிரித்தறிவதும் கடினமாயிற்று. அசல் எண்கள் பொருந்துகின்றனவா என்று சேகரிப்பாளர்கள் இன்று கேட்பது வெறும் சடங்கல்ல. சேஸிஸில் குத்திய எண், என்ஜினில் குத்திய எண், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அது ஒரே காரின் வரலாறு. இல்லாவிட்டால் இரண்டு மூன்று கார்களின் கதம்பம்.

காகிதம் சொல்வது

இன்றைய காருக்குக் காகிதம் நிறையவே உண்டு. கார் கன்சல்டிங் கடைகளில் 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, கம்பெனி சர்வீஸ்' என்று ஒரு மெய்க்கீர்த்தி பாடுவார்கள். மெய்க்கீர்த்தியைப் படிக்கும் வரலாற்றாசிரியர், அரசன் வென்ற நாடுகளை எண்ணுவதோடு அதில் சொல்லாமல் விட்டதையும் தேடுவார். சர்வீஸ் புத்தகத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஐந்தாண்டுப் பதிவுகள் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால் அவை ஒரே நாளில் எழுதப்பட்டிருக்கலாம். முத்திரையைவிட ரசீது மேலானது. என்ன பாகம் மாற்றினார்கள், அன்றைக்கு மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதெல்லாம் ரசீதில் இருக்கும். ரசீதுகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கினால் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இறங்கினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். டிஜிட்டல் மீட்டரையும் திருப்ப முடியும்.

இடைவெளிகளும் பேசும். மூன்று ஆண்டுகள் ஒரு பதிவும் இல்லையென்றால், கார் நின்றிருக்க வேண்டும், அல்லது வெளியே சொல்ல விரும்பாத வேலை ஏதோ நடந்திருக்க வேண்டும். காப்பீட்டில் இழப்பீடு கோரிய விவரம் அந்த இடைவெளியை நிரப்பக்கூடும். சில பாகங்களுக்குக் கிலோமீட்டரோடு காலமும் கணக்கு. கேம்ஷாஃப்டை இயக்கும் ரப்பர் பெல்ட் உள்ள பழைய ஃபெராரி போன்ற கார்களில், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றியாக வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். 'ஓடவே இல்லை, எதற்கு மாற்ற வேண்டும்?' என்று உரிமையாளர் பெருமையோடு சொன்னால், அதைப் பெரிய செலவின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் கயிறும் காகிதமே. ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர் என்று இருக்கும். கடனில் வாங்கிய காரென்றால் கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் படிவம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். வேறு மாநிலத்து வண்டிக்கு 28-ஆம் படிவத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று. விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. கார் பலர் கை மாறியிருந்தும் பதிவேட்டில் பெயர் மாறவில்லை. விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவரையே சேரும் என்றது நீதிமன்றம். வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டால் கயிறு மாறிவிட்டதாக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

உடம்பு சொல்வது

காகிதத்தை மூடி வைத்துவிட்டுக் காரிடம் போகலாம். காரைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. போனதும் பானட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். குளிர்ந்த என்ஜின் எழும்பும் முதல் நிமிடத்தில்தான் அதன் முனகல் கேட்கும். சைலன்ஸரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது. என்ஜின் சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. கரும்புகை பெட்ரோல் மிகுதியாக எரிவதைக் காட்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் அளந்து பார்க்கச் சொல்லலாம். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் தேட வேண்டும்.

மாட்டின் பல்லுக்கு இணையானவை சிறு பொருள்கள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் காட்டும் காரில் கிளச் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்காது. ஏறி இறங்கும் பக்கத்து இருக்கை விளிம்பு நைந்திருக்காது. ஸ்டியரிங்கின் தோல் பளபளக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்யப்பட்டது. கார் செய்த ஆண்டையும் டயர் செய்த ஆண்டையும் மீட்டரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எத்தனை ஜோடி டயர்களைத் தின்றிருக்கிறது என்று ஊகிக்கலாம். கண்ணாடிகளிலும் தயாரிப்புக் குறி உண்டு. ஐந்து பழையதாகவும் ஒன்று புதியதாகவும் இருந்தால், அந்தப் பக்கத்துக் கதவில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். டிங்கரிங் வேலை நடந்த இடத்தைப் பெயின்ட்டின் தடிமன் காட்டிக்கொடுக்கும். ஆலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். அதைப் போல் பல மடங்கு காட்டினால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள். இரும்புத் தகடாக இருந்தால் சிறு காந்தமே போதும், பட்டியில் ஒட்டாது. அலுமினிய உடலிலும் ஃபைபர் உடலிலும் காந்தத்துக்கு வேலையில்லை.

கடுமையாக ஓட்டியதன் அடையாளங்கள் தனி. பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் வரப்புப்போல் ஒரு விளிம்பு எழுந்திருக்கும். உயர் கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று மிதித்தால் என்ஜின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. போர்ஷே போன்ற சில கார்களில் என்ஜின் எல்லை மீறிச் சுழன்ற நேரங்களைக் கணிப்பொறியே குறித்து வைத்திருக்கும். ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்துத் தவறி இரண்டாவதில் விழுந்த ஒரு நொடிகூட அதில் பதிந்திருக்கும். உரிமையாளர் மறந்துவிட்டதை வண்டி மறப்பதில்லை.

ஓட்டாமலே வைத்திருந்ததன் அடையாளங்களும் உண்டு. எண்ணெய் படாத ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் காலிப்பர் இறுகும். டாங்கில் நின்ற பெட்ரோல் பிசினாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பழைய கார்களின் டாங்குக்கும் ரப்பர்க் குழாய்க்கும் கூடுதல் கேடு. மிகக் குறைவாக ஓடிய கார் என்று அதிக விலை சொன்னால், நின்ற காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டும்.

உப்பும் வெள்ளமும்

கடற்கரை ஊர்களில் இன்னொரு சோதனையும் தேவை. உப்புக் காற்று தேவனாம்பட்டினத்துச் செங்கல்லைத் தின்பதுபோலவே இரும்பையும் தின்னும். துரு வெளியிலிருந்து உள்ளே போவதாக நினைக்கிறோம். காரில் பெரும்பாலும் அது உள்ளிருந்து வெளியே வரும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், மிதியடிக்கு அடியிலுள்ள தரை, ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகியவற்றில் ஈரம் தங்கி அரிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிவதற்குள் உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மொத்தென்று ஒலிக்கும். 1990-களின் இறுதியில் இந்தியாவில் வெளிவந்த சான் ஸ்டார்ம் போன்ற ஃபைபர் உடல் கார்கள் துருப்பிடிக்காதவைபோல் தோன்றும். உடல்தான் ஃபைபர். அதைத் தாங்கும் சட்டம் இரும்பு.

வெள்ளம் இதைவிடக் கொடியது. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டமும் டிசம்பர் தொடக்கத்தில் சென்னையும் மூழ்கின. தரைத்தளத்திலும் நிலவறையிலும் நின்ற ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் கிடந்தன. விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார்களும் அவற்றில் இருந்தன. பழுதுபார்க்கும் செலவு காரின் மதிப்பை மீறியதால் பலவற்றை முழு இழப்பு என்று அறிவித்த காப்பீட்டு நிறுவனங்கள் ஏலத்தில் விட்டன. ஏலம் எடுப்பது குற்றமில்லை. வெள்ளத்தில் கிடந்தது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதும் குற்றமில்லை. உலர்த்தி, மெருகேற்றி, நீரின் கதையை மட்டும் நீக்கிவிட்டு வேறு ஊரில் விற்கும்போதுதான் நரி பரியாகிறது. தாழ்வாகக் கட்டப்படும் ஸ்போர்ட்ஸ் காரில் முழங்கால் நீர் போதும் மின்னிணைப்புகளை எட்டுவதற்கு. ஏர்பேக்குக்கும் பிரேக்குக்கும் ஆணையிடும் கம்பிகள் சில மாதம் ஒழுங்காக இருந்துவிட்டுப் பின்னர் ஒரு நாள் வேகத்தில் கைவிடும்.

நீரும் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டே போகிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தால் வண்டல் கோடு தெரியும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கும். விளக்குகளுக்குள் மெல்லிய சேற்றுப் படலம் இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் கம்பி முனைகள் பச்சை பூத்திருக்கும். அதிகமான வாசனைத் திரவியமும் ஒரு தடயமே. 2004 ஆழிப்பேரலையும் 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலும் கண்ட கரை இது. கடல்நீர் புகுந்த வண்டிக்கும் மழைநீர் புகுந்த வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை இங்குள்ள மெக்கானிக்குகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கவே கூடாதோ என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அப்படியல்ல. தேய்மானம் என்பது குற்றமில்லை, பயன்பட்டதன் அடையாளம். நுகத்தடிக் காய்ப்பு உள்ள மாடு உழுத மாடு. நன்றாக ஓடி, உரிய காலத்தில் எல்லாம் மாற்றப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருக்கும் காரில் கீறல்கள் இருந்தால் இருக்கட்டும். கீறலே இல்லாமல், கதையும் இல்லாமல் வந்து நிற்கும் காரைத்தான் இரண்டு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். காகிதமும் உடம்பும் ஒரே குறையை ஒப்புக்கொள்ளும் இடத்தில் விலை பேசலாம்.

வாங்குபவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. இன்று வாங்குபவர் நாளை விற்பவர். தாம் மாற்றிய பாகம், தாம் மோதிய சுவர், தம் காலத்தில் புகுந்த நீர் எல்லாவற்றையும் ஓர் ஏட்டில் தேதியோடு எழுதி வைத்துக் காரோடு ஒப்படைப்பவர்கள் மிகச் சிலர். விலையில் அவர்களுக்குச் சிறிது இழப்பு நேரலாம். ஆனால் முன்பின் தெரியாத ஓர் இளைஞர் அந்தக் காரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக ஓட்டிப் போகும்போது, அவர் அறிந்திருக்க வேண்டியதை யாரும் அவரிடமிருந்து மறைத்திருக்க மாட்டார்கள். மற்றதையெல்லாம் கயிறு மாறுவதற்கு முன் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.